கூனன்மலை ஊரில் இல்லாத நூற்று ஒன்பது நாள்

மலை காற்றைத் தடுக்கிறது என்று பள்ளிக்கூடப் புத்தகங்கள் மூன்று தலைமுறையாகச் சொல்லிவருவது தவறு. இந்தத் தவறு இன்னொரு தலைமுறைக்குப் போவது யாருக்கும் நல்லதல்ல என்பதால் முதலிலேயே திருத்திவிட வேண்டியிருக்கிறது. மலை எதையும் தடுப்பதில்லை, அது உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். காற்றுதான் ஏறுகிறது. ஏறும்போது கடலிலிருந்து சுமந்துவந்த தண்ணீரையெல்லாம் இந்தப் பக்கத்திலேயே இறக்கிவைத்துவிட்டு, உச்சியைத் தாண்டி, வெறுங்கையோடும் சூடாகவும் அந்தப் பக்கம் இறங்குகிறது. இறங்கியபின் சும்மா போகிறதா என்றால் அதுவும் இல்லை, ஏறிய பழக்கம் விடாமல், ஏறுவதற்கு ஒரு மேடுகூட இல்லாத சமவெளியில் மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, அலை அலையாகப் போய்க்கொண்டே இருக்கிறது. இமயம் போன்ற பெரிய மலையென்றால் மிக உயரத்தில் ஓடுகிற காற்றாறே வளைந்து நெளிந்து, கடல்களையும் தேசங்களையும் கடந்து, அந்த மலையின் பெயரையே கேட்டிராத ஜனங்களின் ஊரில் மழையாகவோ மழையில்லாமையாகவோ போய் முடிகிறது. சின்ன மலையென்றால் நாலைந்து காதத்தில் அடங்கிவிடுகிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். தாண்டிவந்த மலையைக் காற்றால் மறக்க முடிவதில்லை.

கூனன்மலை சின்ன மலைகளில் சேர்த்தி. அதற்கு மேற்கே ஈரப்பாறை என்ற ஊர், ஆனி ஆடியில் அங்கே சுவரில் சாய்த்துவைத்த குடைக்கம்பில் காளான் முளைக்கும். கிழக்கே, மலையின் காலடியில், வெயிலுகந்தபுரம். அதே ஆனி ஆடியில் அங்கே காலையில் போட்ட வடகம் மத்தியானம் டப்பாவுக்குப் போய்விடும், ஏனென்றால் காற்று வெறுங்கையோடு வந்து இறங்குகிற இடம் அதுதான். இன்னும் கிழக்கே ஏழு மைலில் புளியங்குளம், காற்று இரண்டாம் முறை மேலெழுகிற இடம். அந்த ஊர்க் குளத்துக்கு மேலே காற்றுக் காலம் முழுக்க ஒரு மேகம் நிற்கும், நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து. ஜனங்கள் அதை ஆப்பமேகம் என்றார்கள். எவ்வளவு காற்றடித்தாலும் அது நகராது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மேகமாகி, மறுபக்கம் வெளியேறும்போது மறுபடி காற்றாகிப் போய்க்கொண்டிருக்கும். ஆட்கள் மாறினாலும் தான் மாறாமல் நிற்கிற சத்திரம் மாதிரி.

இந்த மூன்று ஊர்களையும் இணைத்தது சொர்ணம் மோட்டார் சர்வீஸ் பஸ். அதை ஓட்டியவர் மாசானம், அவருடைய மனைவி பேராச்சி.

பேராச்சி ஈரப்பாறையில் பிறந்தவள். பிறந்ததிலிருந்தே இழுப்பு. நெஞ்சுக்குள் யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுகிற சத்தம் எப்போதும் அவளிடமிருந்து வந்துகொண்டிருக்கும். இருபத்திரண்டு வயதில் வைத்தியரைப் பார்க்க மலை தாண்டி வந்தாள். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வளைவுக்கு ஒரு தரம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தவளுக்கு, உச்சி தாண்டி ஒன்பதாவது வளைவு இறங்கும்போது, மூச்சு திறந்தது. அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனதில் பயந்து மாசானம் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சுவிட்டபடி, சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் வைத்தியரைப் பார்க்கவில்லை. அடுத்த தையில் கல்யாணம் நடந்தது, பத்தொன்பது வருடமாக அவள் மேற்கே திரும்பவில்லை. மழை பெய்கிற சத்தத்தை மட்டும் சில சாயங்காலங்களில் கேட்கவேண்டும் போலிருக்கும். அப்போது முறத்தில் கடுகைப் போட்டு மெதுவாகச் சாய்ப்பாள்.

ஆனி மாதம் பன்னிரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வந்து ஊரே மலைக்கு முதுகைக் காட்டி வரிசையில் நின்றிருந்த முற்பகலில், கூனன்மலை போய்விட்டது. சத்தம் கேட்கவில்லை, தூசி எழவில்லை. வரிசையின் கடைசியில் நின்றவர் பின்கழுத்தில் வெயில் படுகிறதே என்று திரும்பிப் பார்த்து, "மலையைக் காணும்" என்றார். முன்னால் நின்றவர், "எடம் போயிரும், திரும்பாதிரும்" என்றார்.

வருவாய் ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மலை புறம்போக்கு என்பதால் ஊர்க்காரர்களுக்கு இழப்பு எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். மலை இருந்த இடத்தில் செம்மண் தரை, கோலம் போடலாம் போலச் சமமாகக் கிடந்தது. மலைமேல் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் அதே தரையில் அதே வரிசையில் நின்று மேய்வதற்கு ஒன்றும் இல்லாமல் யோசித்துக்கொண்டிருந்தன. ஈரப்பாறைக்காரர்களும் வெயிலுகந்தபுரத்துக்காரர்களும் முதல் முறையாக ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள், இரண்டு தரப்புக்கும் சற்று ஏமாற்றம்தான். ஊரில் பெரிய மாற்றம் என்று சொல்லப்போனால் சாயங்காலம் இருபத்தாறு நிமிடம் நீண்டுபோனது. மலைக்குப் பின்னால் முன்கூட்டியே மறைந்துகொண்டிருந்த சூரியன் இப்போது தரைவரை வந்து மறைந்தது. அந்த இருபத்தாறு நிமிடத்துக்கு யாரிடமும் வேலை இல்லை. கடை அடைத்தாகிவிட்டது, விளக்கேற்றும் நேரம் வரவில்லை. கல்யாணமாகி முப்பது வருடமான தம்பதிகள் அந்த நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அன்றைக்கும் நாலரை மணி பஸ் புறப்பட்டது. சமதரைக்கு வந்ததும் மாசானம் முதல் கியருக்கு மாற்றி, ஹாரன் அடித்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, இல்லாத முதல் கொண்டை ஊசி வளைவில் திரும்பினார்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதீரு?" என்றார் கண்டக்டர் சிவனணைந்தான்.

"தெரியலவே. கை தானா போவுது."

இப்படிப் பதினொரு வளைவு. பத்து நிமிடத்தில் நேராகப் போயிருக்கவேண்டிய இடத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வழக்கமாக ஐந்தாவது வளைவில் வாந்தி எடுப்பவர் அன்றும் எடுத்தார்.

காற்றும் அப்படித்தான் இருந்தது. மேற்கிலிருந்து வந்த காற்று, மலை தொடங்குமிடத்துக்கு வந்ததும், ஒன்றுமில்லாத வானத்தில் ஏறியது. பருந்துகள் அதைப் பிடித்துக்கொண்டு வட்டமிட்டு உயர்ந்தன. ஏறுகிற இடத்தில் மேகம் கட்டி ஈரப்பாறையில் எப்போதும் போல மழை பெய்தது, இறங்குகிற இடத்தில் வெயிலுகந்தபுரத்தில் வடகம் காய்ந்தது, புளியங்குளத்தின்மேல் ஆப்பமேகம் அசையாமல் நின்றது. பேராச்சி நன்றாக மூச்சுவிட்டாள்.

பயணிகள் பஸ் முதலாளிக்கு மனு எழுதினார்கள். இல்லாத மலையில் ஏறி இறங்குவதற்கு டீசல் யார் போடுவது என்று முதலாளியும் கேட்டு, பஸ்ஸை நேராக விடச் சொன்னார். மாசானம் மூன்று நாள் நேராக ஓட்டினார். முதல் நாள் சாயங்காலம் ஆப்பமேகம் புளியங்குளத்தை விட்டு அரிசி ஆலைக்கு மேலே வந்து நின்றது. இரண்டாம் நாள் ரயில்வே கேட்டுக்கு வந்தது. ஏறவேண்டியதில்லை போலிருக்கிறதே என்று காற்று யோசிக்கத் தொடங்கிவிட்டதையும், அதனால் அது எடுத்துவைக்கும் எட்டு சிறுத்துவருவதையும் யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் மேகம் ஊர்மேல் நின்றது. உப்பு கசிந்தது, தீப்பெட்டி நமுத்தது, வடகம் வளைந்தது, பேராச்சியின் நெஞ்சுக்குள் கதவு மறுபடி திறந்து மூடத் தொடங்கியது.

மாசானம் வந்தபோது அவள் கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றி, தோள்களை உயர்த்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது.

"ஊர் வாடை அடிக்குது" என்றாள். "பாசி வாடை. எங்க வீட்டு... பின்வாசல்ல... அடிக்குமே."

"ஏட்டி, பேசாத."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "மூச்சுதான்... விடமுடியல."

மறுநாள் நாலரைக்கு மாசானம் பஸ்ஸைக் கிளப்புமுன் திரும்பி நின்று பயணிகளிடம் சொன்னார். "வளைஞ்சுதான் போவும். அவசரம் உள்ளவங்க எறங்கி நடங்க, எனக்கு முன்னாடி போயிருவிய." முதலாளியிடம் யார் பதில் சொல்வது என்று சிவனணைந்தான் கேட்டதற்கு, "எம் பொண்டாட்டி மூச்சு சொல்லும்" என்றார். யாரும் இறங்கவில்லை. முதல் வளைவில் பஸ் சாயவே இல்லை, ஆனாலும் எல்லோரும் சாய்ந்தார்கள்.

இரண்டு நாளில் மேகம் ரயில்வே கேட்டுக்குப் போனது, ஐந்து நாளில் புளியங்குளத்துக்குத் திரும்பிவிட்டது. ஊருக்குப் பாடம் விளங்கியது. காற்றுக்கு மலை வேண்டியதில்லை, மலை இருக்கிறது என்று யாராவது நடந்துகொண்டால் போதும். அன்றிலிருந்து விறகுக்காரர்கள் அந்தச் சமதரையில் முன்னால் குனிந்து, முழங்காலில் கையூன்றி நடந்தார்கள். பாதி தூரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் உச்சி வரவேண்டிய இடத்தில் காதடைப்புக்கு எச்சில் விழுங்கினார்கள். ஆறாவது வளைவில் எலுமிச்சம்பழம் விற்கிற செல்லத்தாய் அதே இடத்தில், வெட்டவெளியில், பாறையில் சாய்கிற பாவனையில் உட்கார்ந்து விற்றாள். முதுகு வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள். மலை இருந்த காலத்தில் ஒரு நாளும் அதை நிமிர்ந்து பார்த்திராதவர்கள், இப்போது பேச்சுக்கு நடுவே மேற்கே திரும்பி, உச்சி இருந்த உயரத்துக்குக் கண்ணை உயர்த்திப் பார்த்தார்கள்.

இது ஊரோடு மட்டும் நின்றிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் வெளியூர் லாரிகள் வந்தன. வளைவு தெரியாமல் நேராகப் போய்க் காற்றைக் குழப்பின. எனவே வளைவுகளுக்குப் பலகை நடுவது என்று பஞ்சாயத்துத் தலைவர் கோமதிநாயகம் முடிவு செய்தார். நல்ல வேம்புப் பலகை, மஞ்சள் பெயின்ட், கறுப்பு எழுத்து. எத்தனை பலகை என்று தச்சர் கேட்டபோது தலைவர் யோசிக்காமல் "பதினெட்டு" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். கூனன்மலைக்குப் பதினொரு வளைவுதான். ஆனால் வெயிலுகந்தபுரத்துக்காரர்கள் பெண் எடுக்கப்போன இடத்திலும், சந்தையிலும், கோர்ட்டிலும், வெளியாள் யார் கேட்டாலும் பதினெட்டு என்றே சொல்லிவந்தார்கள். பதினொன்று என்பது சொல்லிக்கொள்ளும்படியான எண் அல்ல. நூறு வருடம் இப்படிச் சொல்லிச் சொல்லி, மலையும் எதிரே இருந்து மறுக்காததால், அது ஊரின் உண்மையாகவே ஆகிவிட்டிருந்தது.

பலகை நட்டார்கள். லாரிகள் பதினெட்டு முறை வளைந்தன. காற்றும் அதை நம்பியது. பதினெட்டு வளைவு மலைக்கு எவ்வளவு உயரம் ஏறவேண்டுமோ அவ்வளவு ஏறி, அதற்குத் தக்க நீள எட்டு வைத்து, வெயிலுகந்தபுரத்தின் தலைக்கு மேலாகவே தாண்டிப்போய்ப் புளியங்குளத்தில் இறங்கியது. மலைமேல் குந்தவேண்டிய மேகம் நீண்டு ஊர்மேல் வந்து குந்தியது. புளியங்குளத்துக்காரர்கள் வாழ்நாளில் முதல் முறையாக வடகம் போட்டார்கள். பேராச்சி மூன்று வாரம் படுக்கவில்லை, படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று உட்கார்ந்தே தூங்கினாள். அவளுடைய உதட்டோரம் நீலம் கட்டியது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, இந்தக் காற்றில் இன்னும் ஒரு மாதம் இவளால் தாங்கமுடியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

"புளியங்குளத்துல வீடு பாக்கட்டுமா?" என்றார் மாசானம்.

"காத்து போற எடத்துக்கெல்லாம்... நான் பாயைச் சுருட்டிக்கிட்டு... பொறத்தாலயே போவணுமா?" என்றாள். "இங்கன கூட்டிட்டு வந்தது... நீங்கதான?"

மாசானம் மட்டும் பதினொன்றே வளைந்தார். ஒரு பஸ்ஸின் பேச்சை இருபது லாரிக்கு எதிரே காற்று கேட்கவில்லை. அதனால் பஞ்சாயத்து கூடியது, மாசானமும் பேராச்சியும் போனார்கள். அரை பர்லாங் தூரத்துக்கு அவள் நான்கு இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஏழு பலகையை எடுக்கணும் அண்ணாச்சி" என்றார் மாசானம்.

கோமதிநாயகம் கெட்டவர் அல்ல, பேராச்சிக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டி அனுப்பியதே அவர்தான். ஆனால் அவர் மேசையில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "பலகையை எடுத்தா என்ன அர்த்தம்? நம்ம பாட்டன் பூட்டன் எல்லாம் பொய் சொன்னாவன்னு அர்த்தம். மலையும் போச்சு. மானமும் போவணுமா?"

அங்கே இருந்த அறுபது பேரில் ஒருவராவது எழுந்து பதினொன்று என்று சொல்லியிருக்கலாம், அறுபது பேருக்கும் தெரியும். பேராச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் வெளியூர்க்காரி" என்றாள். "எங்க ஊர்லயும்... பதினெட்டுன்னுதான்... கேள்விப்பட்டிருக்கேன். நம்பித்தான்... பஸ் ஏறினேன்."

மூச்சுக்காக நின்றாள். மொத்த ஊரும் அவளோடு சேர்ந்து நின்றது.

"வளைவுக்கு ஒன்னா... வாந்தி எடுத்தேன். பதினொன்னு. இன்னும் ஏழு பாக்கி இருக்கேன்னு... பயந்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள... உங்க ஊர் வந்துருச்சு." கோமதிநாயகத்தைப் பார்த்தாள். "அன்னைக்கு அது... எனக்குக் கொறைச்சலாப் படல, அண்ணாச்சி."

தலைவர் கூட்டம் முடிந்ததாக அறிவிக்கவில்லை. ஆனால் மறுநாள் பன்னிரண்டாம் எண் பலகையைக் காணவில்லை. அது ரேஷன் கடைக்காரர் வீட்டு மாவரைக்கும் உரலுக்கு மூடியாகியிருந்தது. மழை வந்தால் என்ன செய்வது என்றார் அவர். பதின்மூன்று, கிணற்றடியில் வழுக்குகிறது என்பதற்காகப் போடப்பட்டது. பதினான்கும் பதினைந்தும் சேர்ந்து யாரோ ஒருவரின் கன்றுக்குட்டிக்குத் தடுப்பாயின. கடைசிப் பலகையைத் தன் வீட்டு ஊஞ்சலுக்கு வேண்டுமென்று, விடிந்து வெகுநேரமான பிறகு, எல்லோரும் பார்க்க, தலைவரே பிடுங்கிக்கொண்டு போனார். ஊரில் யாரும் பொய்யைத் திருத்தவில்லை, பலகைக்குத்தான் தட்டுப்பாடு இருந்தது. பத்து நாளில் காற்று பழைய எட்டுக்கு வந்தது. பேராச்சி ஒரு மத்தியானம் கட்டிலில் காலை நீட்டி மல்லாந்து படுத்து, மாசானம் டிரிப் முடிந்து வரும்வரை தூங்கினாள்.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, ஈரப்பாறைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டத்தோடு பஸ் ஆறாவது வளைவில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, மலை திரும்பிவந்தது. எங்கே போயிருந்தது என்பதற்கு மலை பக்கத்திலிருந்து விளக்கம் எதுவும் இல்லை, ஜனங்களும் கேட்கவில்லை. பஸ் திடீரென்று ஆயிரத்தைந்நூறு அடி உயரத்தில் இருந்தது. மாசானம் முதல் கியரில்தான் இருந்தார், ஸ்டியரிங் முழுக்க ஒடித்துத்தான் இருந்தது, பயணிகள் சாய்ந்துதான் இருந்தார்கள், ஆகையால் மாற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை. செல்லத்தாய் முதுகுக்குப் பின்னால் பாறையைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உச்சி வரைக்கும் யார் டிக்கெட் எடுக்கல?" என்றார் சிவனணைந்தான்.

பிறகு நெடுஞ்சாலைக்காரர்கள் அளக்க வந்தபோது பன்னிரண்டு வளைவுகள் இருந்தன. எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே ஒன்று கூடியிருந்தது. ஆடி மாதம் அந்த வெட்டவெளித் தரையில் ஆள்காட்டிக் குருவி ஒன்று நான்கு முட்டை இட்டிருந்ததாகவும், அதைச் சுற்றிக்கொண்டு போனதாகவும், குஞ்சு பொரித்துப் போனபிறகும் கை அப்படியே பழகிவிட்டதாகவும் மாசானம் ஒத்துக்கொண்டார். மலை, பஸ் போன தடத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

மறு வருடம் ஆனியில் காற்று வந்தபோது, பன்னிரண்டு வளைவுக்கு உரிய உயரம் ஏறி, அதற்கு உரிய எட்டு வைத்து, முன்பு இறங்கிய இடத்துக்கு முப்பதடி கிழக்கே தள்ளி இறங்கியது. மாசானம் பேராச்சியின் கட்டிலை முன்னறையிலிருந்து பின்கட்டுக்கு மாற்றிப் போட்டார்.